பெட்டகத்துக்குள் போன டிரைவ்

கீரிமலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இளைஞர், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“எங்கடை கோயில் கம்ப்யூட்டரை எழுப்ப இனி நீதிபதிதான் வரவேணும், அண்ணை.”

“விடியப் பாட்டுப் போடுற அந்தச் சின்னக் கம்ப்யூட்டரோ? பழுதோ?”

“இல்லை. மெமரி கார்ட் அடிக்கடி பழுதாகுதெண்டு, வெளியிலை ஒரு டிரைவைப் பொருத்தி, கம்ப்யூட்டர் அதிலையிருந்து தொடங்கிற மாதிரிச் செய்து குடுத்தனான். எல்லாம் இதுக்கைதான் இருக்கு, கவனமெண்டும் சொன்னனான்.”

“சொல்லத்தானே வேணும்.”

“கோயில்காரர் உடனை அதைக் கழட்டிக் கொண்டுபோய் அம்மன்ரை நகைப் பெட்டகத்துக்கை வைச்சுப் பூட்டிப்போட்டினம்.”

“திறந்து எடுக்கிறதுதானே?”

“அதுக்கு ரெண்டு பூட்டு, ரெண்டு திறப்பும் வேணும். ஒண்டு கோயில் சபைத் தலைவரிட்டை, மற்றது பொருளாளரிட்டை. வைச்சுப் பூட்டின பிறகு அவை ரெண்டு பேருக்கும் கோட்டிலை வழக்கு, ஒண்டா வரமாட்டினமாம்.”

“என்ன வழக்கு?”

“விடிய எந்தப் பாட்டை முதல் போடுறதெண்டு.”