ஃபியூஸ் இல்லாத வயரு

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, வூட்டுல வயரு இழுத்தா அது வேல செய்யணுமா வேணாமா? வேல செய்யாத வயரு எதுக்கு, துணி காயப்போடவா? உக்காருங்க சார், அந்த சிமெண்டு மூட்ட மேலயே உக்காருங்க. இந்தக் கம்ப்யூட்டர் வயரப் பாக்கறதுக்குன்னே நெய்வேலியிலேருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருப்பீங்க. டீ வரும்.

எல்லாம் அந்தப் பக்கிரிப் பய பண்ண வேல சார். எலக்ட்ரீசியனாம், எலக்ட்ரீசியன்! கேபிள் டிவிக்கு இழுக்கற கறுப்பு வயரத் தூக்கியாந்து, 'மொதலாளி, கம்ப்யூட்டருக்கும் இதான்'ங்கறான். எம் பொண்ணு வேல்விழி வுடல. 'அது வேணாம்ப்பா, உள்ள எட்டு கம்பி இருக்கிற வயருதான்'னு மெட்ராஸ்ல சொல்லி சுருள் சுருளா வரவழைச்சிட்டா. அவ படிச்சவ சார். மெட்ராஸ்ல வேலைக்கு ஆர்டரே வந்து கெடக்குது. நாந்தான், 'எதுக்கும்மா அவ்ளோ தூரம், புது வூட்டு மாடியிலயே கம்ப்யூட்டர் சென்டர் வச்சிக்க, விருத்தாசலத்துப் புள்ளைங்க எல்லாம் இங்கதான வந்து கத்துக்கும்'னு புடிச்சி வச்சிருக்கன். அவ என்னா சொன்னா? 'கீழ ஒரு கம்ப்யூட்டரு, மேல நாலு. அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு பேசிச்சின்னா இருக்கறன்ப்பா. இல்லன்னா ஞாயித்துக்கெழம பஸ்ஸு ஏறிடுவன்'னு துணிப் பையக்கூட கட்டி வச்சிட்டா. இருக்கறது ஒரே பொண்ணு. அவங்கம்மாவும் போய் சேந்துட்டா. இவளும் போயிட்டா இம்மாம் பெரிய வூட்ல நான் யாருகூட சார் பேசறது?

பேசலியே சார்! அஞ்சு கம்ப்யூட்டரும், பாகம் பிரிச்ச பங்காளிங்க மாதிரி மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிக்குது. ...நீங்க பாருங்க, செவுத்துல இருக்கற அந்தப் பலவ மூடியக் கழட்டுங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கன்.

இந்தப் பக்கிரி மொதல்ல பிளாஸ்டிக் பைப்பப் பொதச்சி, அதுக்குள்ளதான் வயர வுடணும்னான். என் வூட்லயா? பிளாஸ்டிக்கா? சக்கரபாணின்னா யாரு? ஆயுசுக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்ட செஞ்சி வித்தவன் சார். இங்கேருந்து பெண்ணாடம் வரைக்கும் எந்த பம்ப்செட்டு ரூமுல வேணா பூந்து பாருங்க, நம்ம சூளையில வெந்த கட்டதான் இருக்கும். 'பைப்பும் வேணாம் கிய்ப்பும் வேணாம், வயர அப்படியே செவுத்துல வச்சிப் பூசுடா'ன்னன். மொணமொணன்னுக்கிட்டே பூசினான். இரும்பா நிக்குது. பெயிண்டும் அடிச்சாச்சி.

அப்பறம் பாத்தா... அய்ய, ஃபியூஸே வைக்கல சார்! 'எங்கடா ஃபியூசு'ன்னா, 'இந்த வயருக்கு அதெல்லாம் கெடையாது மொதலாளி'ங்கறான். எங்கிட்டயே! வயருன்னு ஒண்ணு இருந்தா ஃபியூஸ் இல்லாம இருக்குமா? மழ நாள்ல ஒரு இடி எறங்குதுன்னு வைங்க, எம் பொண்ணு கம்ப்யூட்டர் மேல கைய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா... நெனச்சாலே நெஞ்சு பதறுது சார். நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினன். கொறட்ட எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான், ரோசக்காரன்.

போடா, நானே வச்சிக்கறன்னு வச்சன். வேல்விழிப் பாப்பா மெட்ராஸுக்குப் போயிருந்த நேரத்துல. தோ, கழட்டிட்டீங்க பாருங்க! எப்பிடி இருக்குது கட்ட? பளபளன்னு! நடுவுல வயர வெட்டி, எட்டு கம்பியும் தோல உரிச்சி, ஒண்ணா முறுக்கி, ஒரே திருகாணியில இறுக்கிட்டன். ஒவ்வொண்ணும் தலமுடி மாதிரி இருந்துது சார், தனித்தனியா வுட்டா அதுக்கு என்னா தெம்பு இருக்கும்? ஒவ்வொரு வயருக்கும் ஒரு கட்ட. எல்லாம் பொறுக்கியெடுத்த சரக்கு.

என்னா சார், அப்பிடியே நிக்கறீங்க? நல்லா இருக்குதுல்ல?

...தனித்தனியாதான் இருக்கணுமா? எட்டுமேவா?

...வெட்டவே கூடாதா? எங்கியுமேவா?

ஏன் சார் நீங்களும் கொறட்டப் பையில போடறீங்க? இருங்க, இருங்க. புது வயரு இழுத்துட்டாப் போச்சி. ...செவுத்த உடைக்கணுமா! அய்யய்யோ, வெள்ளிக்கெழம கிரகப்பிரவேசம் சார்! கம்மாபுரத்துலேருந்து மச்சான் வூட்டு சனமே வேன் வச்சிக்கிட்டு வருது.

சார்... ஒரு ஒத்தாச. பாப்பா கேட்டா எலி கடிச்சிடுச்சின்னு சொல்லிடுங்க. ...ஆமாமா, புது வூட்ல ஏது எலி. சரி, பக்கிரின்னே சொல்லிடுங்க. காலையிலேருந்து நானும் அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கன், அவளும் நம்பி...

ஏம்மா! நீ எப்ப வந்த? சாருக்கு டீயக் குடு, ஆறிடப் போவுது.

எதுக்கும்மா சிரிக்கிற? இப்பிடி சிரிச்சா நான் என்னான்னு எடுத்துக்கறது? இருக்கறன்னா, போறன்னா? வாயத் தொறந்து சொல்லும்மா.

...என்னாது, உளியும் சுத்தியலுமா? எங்கிட்டயா?

சரி, குடு. ஹால் செவுத்துலேருந்தே ஆரம்பிக்கறன். வர்றவங்க கேட்டா பூச்சு இன்னும் முடியலன்னு சொல்லிக்கலாம். பக்கிரி வூட்டுக்கும் நானே போறன், கைய கால புடிச்சாவது கூட்டியாறன். நீ மட்டும் அந்தத் துணிப் பையப் பரண் மேல போட்டுடும்மா.