கதவு திறந்தால் பச்சை போய்விடும்

மதுரையிலிருந்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்த நிபுணர் அந்த லேப்டாப்பை ஆன் செய்ய நேற்றிலிருந்து மல்லுக்கட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன் சார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்கு அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும். முதலில் சார்ஜரைப் பிடுங்க வேண்டும். அடியில் இருக்கிற பேட்டரியைக் கழற்ற வேண்டும். பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்து, உள்ளே தங்கியிருக்கிற கரண்ட்டை வெளியேற்றிவிட்டு, பேட்டரி இல்லாமல் வெறும் சார்ஜரில் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் விளக்கு எரியவில்லை என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இதையெல்லாம் அன்றைக்கே நான் செய்து பார்த்துவிட்டேன். சொல்லிக்கொடுத்தது என் தம்பி திலீபன்தான். அவனுக்கு அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் கொள்ளை ஆசை.

அதற்குள் ஏதோ பெரிய ரகசியம் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். ஒன்றும் கிடையாது. ஸ்டோரில் எவ்வளவு சூடு என்ற கணக்கு இருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் சென்னைப் பக்கத்துக்காரர். ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு ஏலக்காய்த் தோட்டம் மலைமேல், கேரளாவில். பறித்த பச்சைக்காய் ஜீப்பில் கீழே எங்கள் ஊர் தேவாரத்துக்கு இறங்கி வரும். அதைக் காயவைக்கிற அறைக்குப் பெயர்தான் ஸ்டோர். ஜன்னல் கிடையாது. அடுப்பு வெளியே இருக்கும். அதன் சூடு இரும்புக் குழாயில் உள்ளே ஓடும், குழாய்க்கு மேலே தட்டுத்தட்டாகக் காய் கிடக்கும். கடைசிக் கட்டத்தில் சூட்டை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டால் காய் கலகலவென்று சத்தம் கொடுக்கும்வரை திறக்கக் கூடாது. இடையில் திறந்தால் பச்சை போய்விடும், காய் வெளுத்துவிடும். வெளுத்த காயைப் போடி ஏலத்தில் வியாபாரிகள் மோந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னால் இது தெரியும்.

திலீபனுக்கும் தெரியும். ஆனால் அவன் இன்ஜினியரிங் படித்தவன். ஆகவே ஸ்டோருக்குள் ஒரு ஒயரைத் தொங்கவிட்டு, மறுமுனையை லேப்டாப்பில் சொருகி, வெளியே அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். நான் கையால் தொட்டுச் சொல்கிற சூட்டைத் திரை நம்பராகச் சொல்லும். எங்கள் அப்பா பால்பாண்டி அந்த நம்பரைச் சாமி கும்பிடுகிற மாதிரி நின்று பார்த்தார். லேப்டாப் அந்த வெக்கையில் அடிக்கடி பொசுக்கென்று அணைந்துபோகும். தம்பி அதைக் குப்புறக் கவிழ்த்து, பேட்டரியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, கைக்குழந்தைக்குச் செய்கிற மாதிரி ஊதி ஊதி எழுப்புவான். தேனியில் சர்வீஸ்காரரிடம் காட்டியதற்கு, சூடான இடத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். ஏலக்காய் ஸ்டோரில் வைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான சாமான் உலகத்தில் உண்டா.

போன மாதம் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது அப்பா சொன்னார். "ஏலே விஜயபாண்டி, இனிமே ஸ்டோரத் தம்பி பாக்கட்டும். நீ மேல தோட்டத்துல ஆளுகளப் பாத்துக்க." சாவியை எடுத்து அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக என் இடுப்பில் கிடந்த சாவி அது. நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள் சார். வயிறு எரிந்தது, அது வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஜீப்பில் காய் கொண்டு வந்தேன். உள்ளே காய் கடைசிக் கட்டத்தில் இருந்தது. திரையில் நம்பர் அசையாமல் நிற்கிறது, ஒயர் கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே திலீபன் கதவைத் திறந்தான். நான் பதறினேன். ஒரு நிமிஷம்தான் என்றான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் அது அணைந்துவிட்டது. "அண்ணே, ஆஃப் ஆயிருச்சு. பேட்டரியக் கழட்டிப் பாக்குறேன்" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தான். வெந்துகொண்டிருக்கிற அறையில் நின்று லேப்டாப்புக்கு வைத்தியம் பார்க்கிறான் சார், படித்த பிள்ளை.

கதவு ஆவென்று திறந்து கிடந்தது. நான் சாத்தினேன்.

காற்றில் கதவு சாத்திக்கொண்டதாக நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். கதவு காற்றில் சாத்திக்கொள்ளும், வெளியே இருக்கிற கொண்டி காற்றில் விழாது. உள்ளேயிருந்து திறக்கிற பிடியும் இல்லை. ஏலக்காய் உள்ளேயிருந்து எழுந்து வந்து கதவு திறக்கிற வழக்கமில்லை என்பதால் எங்கள் தாத்தா அதை வைக்கவில்லை. கொண்டியை நான்தான் போட்டேன். கை பழக்கத்தில் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் விறகு தள்ளுகிற பிச்சைமணியைப் புளியவிறகு எடுத்துவரச் சந்தைப்பேட்டைக்கு அனுப்பினேன். வாசலில் கிடந்த திலீபனின் செருப்பை எடுத்து ஜீப்பின் சீட்டுக்கு அடியில் போட்டேன். யாராவது தடுக்கி விழுந்துவிடக் கூடாதே.

மத்தியானம் எங்கள் அம்மா ஜக்கம்மா தூக்குவாளியோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு. "உன் தம்பி எங்கனலே? காலையில இருந்து சாப்பிடாமக் கெடக்கான்" என்றாள். அப்போது உள்ளே சத்தம் அடங்கியிருந்தது. லேப்டாப் ரிப்பேருக்காகத் தேனிக்குப் போயிருக்கிறான் என்றேன். சனியன் பிடித்த பெட்டி என்று திட்டிவிட்டு, அந்தக் கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் இளைப்பாறினாள். கதவு ரொம்பச் சுடுகிறதே, தீயைக் குறைக்கக் கூடாதா என்று கேட்டாள். கடைசிக் கட்டம் அம்மா என்றேன். தம்பி வந்தால் போடு என்று வாளியை வைத்துவிட்டுப் போனாள். சோறு வீணாகக் கூடாது என்று நான்தான் சாப்பிட்டேன். குழம்பில் உப்பு சற்றுக் கூடுதல்.

சாயங்காலம் காயைக் குலுக்கிப் பார்க்கிற பதம் வந்ததும் திறந்தேன். லேப்டாப் அவன் நெஞ்சுக்கு அடியில் இருந்தது. எடுத்துக்கொண்டுபோய் ஃபேனுக்கு அடியில் ஆறவைத்தேன். பேட்டரியைக் கழற்றினேன், பட்டனை அமுக்கிப் பிடித்தேன், சார்ஜரை மாற்றினேன். எழும்பவில்லை. அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். லேப்டாப்பை முதலில் பார்த்துவிட்டுத் தம்பியைப் பிறகு பார்த்தாயே என்று நேற்று ஏட்டையா கேட்டார். பழுது பார்க்க முடிகிறதை முதலில் பார்ப்பதுதானே முறை.

காய் அருமையாக வந்திருந்தது. இந்த வருஷம் அந்தப் பச்சையை யாரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அப்பா ஒரு காயைக்கூடக் கையில் எடுக்கவில்லை. அது மட்டும் எனக்கு மனசு ஆறவில்லை சார்.

அடுப்புச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். விழுந்தது. முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு தட்டினான். பிறகு அப்பாவைக் கூப்பிட்டான், அம்மாவைக் கூப்பிட்டான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் மனசு கேட்கவில்லை. கொண்டியில் கை வைத்துவிட்டேன், பாதி தூக்கியும்விட்டேன். அப்போது கதவிடுக்கில் வாயை வைத்து, மூச்சு வாங்க, மெதுவாகச் சொன்னான். "அண்ணே, பச்ச போனாப் போகட்டும்ணே. கதவத் தொற."

நான் கொண்டியைத் திரும்ப இறக்கிவிட்டு, அடுப்புக்குப் போய் இன்னும் இரண்டு கட்டை வைத்தேன். பச்சை போனால் போகட்டும் என்று சொல்கிறவன் கையில் எந்தத் தகப்பனாவது ஸ்டோரைக் கொடுப்பானா, நீங்களே சொல்லுங்கள்.