கியாரா கிணறு

நம்ம கரையில கப்பலுக்கு வெளிச்சம் காட்டுற விளக்குமரமே நிக்காத காலம் அது. தாழந்துறைன்னு ஒரு ஊரு. அங்க தொம்மைன்னு ஒரு சங்கு குளிக்கிறவரு இருந்தாராம். அவரு மூச்சடக்கி உள்ள போனார்னா, மேல வள்ளத்துல கயிறு பிடிக்கிறவனுக்குத்தான் நெஞ்சு அடைக்குமாம்.

ஒரு நா காலைல ஒரு வெள்ளைக்காரக் கப்பல் பாறையில மோதி ரெண்டாப் பொளந்துட்டு. கரையில எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காங்க. அலை அப்படி. தொம்மை மட்டும் வள்ளத்தைத் தள்ளிட்டாரு. போனவரு ஒரே ஒரு உயிரோட திரும்புனாரு. அஞ்சு வயசுப் பொம்பளப்பிள்ளை. பெத்தவ அவளைப் பலகையில சேலையால கட்டிவிட்டு, தான் முங்கிப் போயிட்டா. சேலையா, அவங்க துணி என்னமோ, எனக்குத் தெரியாது. கட்டினது நிசம்.

தொம்மை பெண்சாதி இன்னாசியம்மா அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி ஊத்தி, "உன் பேரு என்ன மக்கா?"ன்னு கேட்டா. பிள்ளைக்குப் பாஷை தெரியலை. இவ தன் நெஞ்சைத் தொட்டு "இன்னாசி"ன்னா. புருஷனைத் தொட்டு "தொம்மை"ன்னா. பிறகு பிள்ளையைத் தொட்டா.

"கியாரா"ன்னுச்சாம் பிள்ளை.

அப்படின்னா என்னன்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியலை. அந்தப் பேரையே கூப்பிட்டு வளத்தாங்க. ஊர்ப் பிள்ளைங்க சும்மா விடுமா? "கீரை, ஏ கீரை, கட்டு என்ன விலை?"ன்னு பின்னாலயே ஓடி வரும். அவ வலை முடையப் படிச்சா, கருவாடு போடப் படிச்சா, நம்மளை மாதிரியே பேசப் படிச்சா. பழைய பாஷை அம்புட்டும் மறந்து போச்சு. மிஞ்சினது அந்த ஒரு சொல்லுதான். "எங்க அம்மா எனக்கு ஒரு சத்தத்தை விட்டுட்டுப் போயிருக்கா"ன்னு சொல்வாளாம்.

வருஷம் இருபத்தஞ்சு ஓடிச்சு. இன்னாசியம்மா இல்லை. தொம்மைக்கு ஒரு பக்கம் கைகால் விளங்காமப் போச்சு. அந்த வருஷந்தான் கடல் ஊருக்குள்ள ஏறுனது. ஏறுன கடல் இறங்கிட்டு, உப்பு இறங்கலை. ஊருக்கு இருந்த மூணு கிணறும் வாயில வைக்க முடியலை. மழையும் ஏமாத்திட்டு. ஊரே மூட்டையைக் கட்டிட்டு.

ஊர்த்தலைவரைப் பட்டங்கட்டின்னு சொல்வாங்க. அவரு வந்து, "கியாரா, மூணு நாள் மணல் நடை. உங்க அப்பா வழியிலயே போயிருவாரு. நீயாவது வா"ன்னாரு.

"கடலுக்குள்ள வந்து என்னைத் தூக்குனவரு. விட்டுட்டு வரமாட்டேன். நீங்க போங்க."

ஊரு போயிட்டு. வீட்டுல அரைக்குடம் தண்ணி.

ஊருக்கு மேக்க செம்மண் தேரி, பெரிய மணல்மேடு. அங்க ஒரு நரி மணலைப் பறிச்சு மூஞ்சியை உள்ள விட்டு நக்குறதைக் கியாரா பாத்தா. நரி போனதும் அந்த மணலை எடுத்து வாயில போட்டா. ஈரமா இருக்கு. உப்பு இல்லை.

தோண்டுனா. மணல் சரிஞ்சு மூடிச்சு. மறுபடி தோண்டுனா. மறுபடி மூடிச்சு. வந்து அப்பா பக்கத்துல உக்காந்தா. கை தோலுரிஞ்சு கிடக்கு.

தொம்மை குழறிக் குழறிச் சொன்னாரு: "நம்ம வள்ளத்தை உடை. பலகையை நாலு பக்கமும் அடிச்சு இறக்கு. மணல் நிக்கும்."

"அப்பா, அது உங்க வள்ளம்."

"உடை மக்கா."

உடைச்சா. ஒவ்வொரு பலகையா இறக்கி இறக்கித் தோண்டுனா. நாலாம் நாள் மத்தியானம், காலுக்கு அடியில சில்லுன்னு ஊறுச்சாம். குனிஞ்சு பாக்கக்கூடப் பயம் அவளுக்கு. தெளியட்டும்னு கண்ணை மூடி நின்னா. திறந்தா, தன் பாதத்து நகம் பத்தும் எண்ணலாம். அப்படித் தண்ணி.

போன வழியில பட்டங்கட்டிக்கு மனசு அறுத்திருக்கு. எதிர்க்க வந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியாரைக் கூட்டிக்கிட்டுத் திரும்பிட்டாரு. தொம்மைக்கு எண்ணெய் பூசி ஜெபம் சொல்லணும், செத்திருந்தா அடக்கணும். வந்து பாத்தா, தொம்மை சுவத்துல சாஞ்சு தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்காரு.

சாமியார் கிணத்தை எட்டிப் பாத்தாரு. அடி மணல் தெரியுது. ஒரு வாய் குடிச்சிட்டு, படிச்ச தமிழ்ல கேட்டாரு: "மகளே, உன் பெயர் என்ன?"

"கியாரா, சாமி."

அவரு செம்பைக் கீழ வச்சிட்டாரு. "இன்னொரு முறை சொல்." சொன்னா. அவரு மணல்லயே மண்டி போட்டுட்டாரு.

"அது என் தேசத்துப் பெயர். இத்தாலி. தெளிந்தது, ஒளியுள்ளது என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வாழ்ந்த ஒரு புனிதவதிக்கு அந்தப் பெயர். எங்கள் தாய்மார் அவளை நினைத்துத் தங்கள் மகளுக்கு வைப்பார்கள்."

பட்டங்கட்டி தலைத்துணியை எடுத்துட்டாரு. கியாரா தண்ணியையே பாத்துக்கிட்டு இருந்தா. பிறகு கேட்டா:

"அப்போ, நான் பிறந்தப்ப என்னைப் பாத்து எங்க அம்மாவுக்கு அப்படித் தோணியிருக்கா, சாமி?"

"ஆம், மகளே."

கப்பல் உடைஞ்ச அன்னைக்கு அழாத பிள்ளையாம். இந்தக் கிணத்தடியிலதான் அம்மாவுக்காக அழுதா.

ஊரு திரும்பி வந்துச்சு. அந்தக் கிணறு கியாரா கிணறு. வத்துனதே இல்லைம்பாங்க. கியாரா ஊர்ப் பொம்பளைங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டாளாம்: "இருபத்தஞ்சு வருஷம் அர்த்தம் தெரியாம ஒரு பேரைச் சுமந்தேன். உங்க பிள்ளைகளை அப்படிச் சுமக்க விடாதீங்க."

அதான் தாழந்துறையில இன்னைக்கும் பெண்பிள்ளைக்குப் பேரு வைக்கும்போது அந்தக் கிணத்தடிக்குத் தூக்கிட்டுப் போவாங்க. ஒரு சொட்டுத் தண்ணியை உதட்டுல வச்சு, காதுல பேரைச் சொல்லி, கூடவே அதோட அர்த்தத்தையும் சொல்வாங்க. பேரை யாரு வேணா சொல்லலாம். அர்த்தத்தைப் பெத்தவதான் சொல்லணும்.