ஐஸ் பெட்டிக்கு வெளியே

காபி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. அடுத்த அறையில் என் மனைவி குன்வோர் படுத்திருக்கிறாள். அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

மரம் வெட்டிக் கை ஓய்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனேன். வார்டில் எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, வண்டியில் தள்ளிப்போய் ஆய்வுக்கூடத்தில் கொடுக்க வேண்டும். அதுவரை எனக்கு எழுத்துத் தெரியாது. ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் படிக்க வேண்டுமே என்று குன்வோர்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். பொறுமைசாலி.

அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. எங்கள் டாக்டர்கள் ரத்தத்தில் சில புரதங்களைப் பார்த்து, ஆள் எவ்வளவு காலம் தாங்குவார் என்று கணிக்கிறார்கள். தாங்குவார் என்றால் உடனே அறுவை. இல்லையென்றால் வீணாகக் கத்தி வைப்பதில்லை. வலிக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ரத்தம் எடுக்க முந்தின நாள் சூப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "பொழச்சு எழுந்தா நான் தீவுக்குப் போயிடுவேன், தங்கச்சிகிட்ட. இத்தனை வருஷம் உன்கூட மூச்சு முட்ட இருந்தாச்சு. கோவிச்சுக்காத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் குழாய் என் வண்டிக்கு வந்தது. காபி வேளை. அந்நேரத்தில் எங்கள் ஊரில் யாரும் வேலையைத் தொடமாட்டார்கள். தொடுகிறவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கூட வேலை செய்யும் சிக்ஸ்தன் கூப்பிட்டான்: "வாய்யா, ரொட்டி தீந்துடும். ரத்தம் ஐஸ்லதான இருக்கு, கெட்டா போயிடும்?"

பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தக் குழாயை மட்டும் எடுத்து ஜன்னலடி ஹீட்டர்மேல் வைத்தேன். சூடுபட்டால் புரதம் சிதையும், ஆள் தாங்கமாட்டார் என்று தப்பாக முடிவு வரும் என்று வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லியிருந்தார்கள். லவங்கப்பட்டை ரொட்டி அன்றைக்கு நன்றாக வந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து, குழாயைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அறுவை வேண்டாம் என்றார்கள். தங்கைக்காரி விடாமல் சண்டை போட்டு மறுபடி ரத்தம் எடுக்கவைத்தாள். முதலில் வந்த முடிவு தப்பு என்று தெரிந்தது; அதனால்தானே நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் கட்டி பெரிய ரத்தநாளத்தைச் சுற்றிக்கொண்டுவிட்டதாம். இனி கத்தி வைக்க வழியில்லை.

செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். சிக்ஸ்தனுக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். ஜன்னலோரம் உட்காரவைத்தால் தீவுப் படகு போவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போகிறேன் என்ற பேச்சே இப்போது இல்லை. மனம் மாறிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.