இளமதி பார்க்காமல் வெளியாகாது

"மாத்திடறேன் மாப்ள, ரெண்டே தட்டுதான்..."

"கைய எடுங்க மச்சான்..."

"நாளைக்குக் கருமாதி! அஞ்சலி இன்னும் வெளிய வரல. சனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியவே வேணாம்!"

ராத்திரி பதினொன்றரை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோடு. செம்மங்குப்பம் தாண்டி ஒரு மாடி அறை. கீழே உரக்கடை, பூட்டியாகிவிட்டது. மேலே ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஆண்கள். காற்றில் அந்தத் தொழிற்பேட்டை வாடை... முட்டை அழுகின மாதிரி. எப்போதாவது ஒரு லாரி. அது போன பிறகு... ஒன்றுமில்லை.

2009இல் நடந்தது. என் சிநேகிதி மங்கலம் சொன்னாள். சண்டை போட்டது அவள் மகன் தேவநாதனும் மருமகன் அருண்பாண்டியனும். செத்தது அவள் மகள் இளமதி, அருண்பாண்டியனின் மனைவி. காய்ச்சல் என்று படுத்தவள், எழவில்லை.

அண்ணன், தங்கை, அவள் புருஷன் மூன்று பேருமாக ஊர்ச் சேதிக்கு ஓர் இணையதளம் நடத்தினார்கள். அதில் 'ஊர்ச்செய்தி' என்று ஒரு பிரிவு. தங்கைக்காக அதற்குள்ளே 'அஞ்சலி' என்று ஓர் உட்பிரிவைத் திறந்தான் தேவநாதன். அதற்கென்று விதி எதுவும் போடவில்லை. போடாவிட்டால் மேலே இருக்கிற பிரிவின் விதி தானாகக் கீழே இறங்கிவிடும். மேலே இருந்தது ஒரே விதி. இளமதி பார்த்துச் சரி என்றால்தான் வெளியாகும்.

ஆக, இளமதி செத்த சேதி இளமதிக்கே போய்க் காத்துக் கிடந்தது.

"பாப்பா பேர எடுத்துட்டு என் பேரப் போடறேன். அவ்ளோதான மாப்ள?"

"ரேஷன் கார்டுல எடுத்தாச்சு. பேங்க்ல எடுத்தாச்சு. அவளக் கேட்டு நடக்குறது இன்னும் இது ஒண்ணுதான் மச்சான். வுட்டுடுங்க."

"எனக்கு மட்டும் ஆசையா?" என்று அழுதுகொண்டே மவுசைப் பிடித்தான் தேவநாதன்.

தொடுவதற்குள் திரை மாறியது. 'காத்திருக்கிறது' என்று இருந்த இடத்தில், 'இளமதி பார்க்கிறார்.'

அதன் கீழே எழுத்து எழுத்தாக ஒரு வரி வந்தது. 'வீட்டில் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.'

சாவுச் சேதி எது வந்தாலும் அப்படித்தான் அவள். அந்த வீட்டுக்கு ஃபோன் போட்டு, ஆமாம் என்று தன் காதால் கேட்காமல் வெளியிட மாட்டாள்.

அருண்பாண்டியன் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. அஞ்சலியில் தொடர்புக்கு என்று கொடுத்திருந்ததும் அந்த நம்பர்தான்.

"எடுக்காத மாப்ள..."

எடுத்தான்.

முதலில் கீபோர்டு சத்தம். டக்... டக்... நின்றது. பிறகு அவள் குரல். அதே குரல்தான். ஆனால் புருஷனிடம் பேசுகிற குரல் இல்லை... முன்பின் தெரியாத ஒரு வீட்டில், பார்த்துப் பார்த்துப் பேசுகிற குரல்.

"வணக்கங்க... இந்த நேரத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்குங்க. உங்க வூட்ல இளமதின்னு ஒருத்தங்க தவறிட்டாங்கன்னு சேதி வந்திருக்கு... நெசந்தானுங்களா?"