மூத்தவள் கொடுத்த புடவை

"ரேஷன்ல மல்லுத்துணி வந்துக்கீது, வாங்கியாறேன்னா நீ..."

"பச்சப்புள்ளைக்குப் புதுத்துணி ஆவாதுடா, பழம்புடவையில..."

"எந்தக் காலத்துல கீறே நீ..."

"மூத்தவ குடுக்கற பழசுலதான் மொதல்ல சுத்தணும்."

என் புருஷன் கோதண்டமும் மாமியார் ரத்தினம்மாளும் இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசினார்கள். சாதாரண வீட்டுச் சண்டைதான் ஐயா. இளையவள் அம்மு அப்போதுதான் ஆண்பிள்ளை பெற்றிருந்தாள். பதினாறு வருஷமாக என் வயிறு திறக்கவில்லை என்று அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவள். அவள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

"நான் குடுக்கறேன் அத்தே" என்றேன். சண்டை நின்றது.

புடவை என் அம்மாவுடையது. அம்மு நிறைமாசமாக இருந்த சமயம் கே.ஜி.கண்டிகையில் அம்மா வைசூரியில் போனபோது, துணிகளைக் கொளுத்த வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் நீங்கள்தான். நோட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"விருலன்ட்னு எழுதறேம்மா."

"அப்பிடின்னா இன்னாங்க?"

"வீரியம் மீறினதுன்னு அர்த்தம். வைசூரி எல்லாம் ஒண்ணு இல்ல. சிலது தழும்போட வுட்டுடும். இது ஆளையே கொண்டுபோவும்."

"நோவுக்கு மட்டுந்தான் சொல்லுவாங்களா?"

"விஷத்துக்கும் சொல்லுவாங்க. மனுசனோட பகைக்கும் சொல்லுவாங்க."

"துணியில எத்தினி நாளு இருக்குங்க?"

"மாசக்கணக்குல."

பொறுமையாகச் சொன்னீர்கள். ஒரு புடவையை அதற்கு முன்பே எடுத்து ஒளித்திருந்தேன், அம்மா ஞாபகத்துக்கு. அதுவரை ஞாபகத்துக்குத்தான்.

எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வார்த்து இறங்கியாயிற்று. வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் அம்மை குத்திக்கொண்டவர்கள். குத்தாதது ஒரே ஓர் உயிர். வேறு யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

புடவையைத் துவைக்கவில்லை. வெயில் காட்டவில்லை. நான்காக மடித்து நானே பிள்ளையைச் சுற்றினேன். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். மாமியார் வாசலில் வேப்பிலை செருகினாள்; மலைக்கோயிலுக்கு மொட்டை நேர்ந்துகொண்டாள். பதினெட்டாம் நாள் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது. நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். பகை என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு யார்மேலும் பகை இல்லை.

ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நானாக இங்கே வந்தது அம்முவால். நேற்று மத்தியானம் சோறு பிசைந்து எடுத்துவந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அவன் கண்ண மூடறவரிக்கும் நீதானேக்கா கையில வச்சிகினு இருந்தே. அடுத்தது பொறந்தா ஒன் மடியிலதான் போடுவேன். வாங்கிக்குவியாக்கா?"