செண்பக மரத்தடியில் என் கணவரைத் தள்ளியவர் பற்றி

என் பெயர் கிரிஜாம்பா. வயது 58. கணவர் பெயர் அனந்தசயனா, டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதால் நான் சொல்லச் சொல்ல ஸ்டேஷன் ரைட்டர் எழுதுகிறார்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்காரர் பஞ்சாக்ஷரி வீட்டுக்கும் நடுவில் நடைபாதையில் மாநகராட்சி வைத்த செண்பக மரம் இருக்கிறது. கீழே விழுந்த பூ குனிகிறவருக்கு, மரத்திலுள்ள பூ முதலில் எழுந்து வருகிறவருக்கு என்பது எங்கள் தெரு வழக்கம். இதனால் என் கணவருக்கும் அவருக்கும் தினமும் வாய்ச்சண்டை. நேற்றுகூட பஞ்சாக்ஷரி, "என்ன சார், உங்க வீட்டு சாமிக்கு மட்டும்தான் பூவா? எங்க வீட்டு சாமி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். என் கணவர், "உங்க சாமிய கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்கச் சொல்லுய்யா" என்றார்.

இன்று வரமகாலட்சுமி பூஜை. தொரட்டி மூங்கில் பிளந்துபோனதால் என் கணவர் பெயின்ட் அடிக்கும் அலுமினியக் குழாயில் கொக்கியைக் கட்டிக்கொண்டு விடிந்ததும் போனார். நானும் பார்த்தேன், பூ நினைப்பில் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, பல் தேய்த்துக்கொண்டிருந்த பஞ்சாக்ஷரி பிரஷை எறிந்துவிட்டு ஓடிவந்து என் கணவரை இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினார். அவர் சாக்கடைப் பலகையில் விழுந்தார். அதே நேரம் வெளியே 'டப்' என்று கேட்டு வீட்டில் கரண்டு போனது. அது வழக்கமாகப் போவதுதான் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு நான் "கொல்றானே, கொல்றானே" என்று கத்தியபடி ஓடினேன். தெரு கூடிவிட்டது. யாரோ போன் செய்து போலீஸ் ஜீப் வந்தது. பஞ்சாக்ஷரி ஏதோ சொல்லப் பார்த்தார். வாய் நிறையப் பற்பசை. யாரும் பேசவிடவில்லை, நானும் விடவில்லை. அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் என் கணவருக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டார்கள். "பூவுக்காக ஆளையே தள்ளுவானா?" என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் மின்வாரிய லைன்மேன் ஏணியிலிருந்து இறங்கி, நுனி கருகி உருகியிருந்த எங்கள் குழாயைக் காட்டினார். "கரண்டு கம்பி மேல சாஞ்சு கெடந்துச்சும்மா. இதைப் பிடிச்சிருந்த ஆளு பிழைச்சாரா?" என்று கேட்டார். என் கணவர் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். கீழே தள்ளப்பட்டதால் குழாய் கையைவிட்டுப் போனது என்று அவரே சொன்னார். லைன்மேன், "தள்ளினவர் கால்ல விழுங்க சார்" என்றார். நான் அந்தச் சாக்கடைப் பலகையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மனசு லேசானது. பிறகு காப்பி போட்டு எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

பஞ்சாக்ஷரி தள்ளியது உண்மை. அவர் தள்ளாமல் இருந்திருந்தால் இன்று என் வீட்டில் பூஜைக்குப் பதில் வேறு காரியம் நடந்திருக்கும். அவர் மேல் எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. காலையிலிருந்து சட்டைகூட இல்லாமல் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் தூக்கில் காப்பி கொண்டுவந்திருக்கிறேன். "ஸ்டேஷன்ல குடிச்சா குத்தவாளி காப்பிம்மா, வெளிய வந்து குடிக்கிறேன்" என்கிறார்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. காப்பி ஆறுவதற்குள் அவரை அனுப்பிவிடுங்கள்.

(ஒப்பம்) கிரிஜாம்பா